முதலில் தண்ணீர், கடைசியில் டர்போ: பழைய எம்எக்ஸ்-5 காருக்கு ஒரு திட்டம்

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை ஆசையாக வாங்கியவர்கள் இரண்டு மூன்று வருஷத்தில் ஒரு கேள்விக்கு வந்து சேர்வார்கள்: இதில் ஒரு டர்போ (வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பம்பு) மாட்டினால் என்ன? கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் வெளிவந்த இந்த இரண்டு இருக்கைக் கார் ஒரு டன்னுக்கும் குறைவான எடை. பின்சக்கர இயக்கம், நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். வளைவில் இது திரும்புகிற லாவகத்துக்கு இன்றைய புதிய கார்கள் பலவும் ஈடாகாது. ஆனால் நேர்ச்சாலையில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் கிடைப்பது 116 குதிரைத்திறன், 136 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அமெரிக்கச் சந்தைக்கு வந்த 1.6 லிட்டர் இன்ஜினின் கணக்கு இது. மேட்டில் முன்னால் போகும் லாரியை முந்த நினைக்கும்போது அது உறைக்கும்.

டர்போ இந்த இன்ஜினுக்கு அந்நியமும் அல்ல. இதன் பிளாக் மாஸ்டாவின் பி6 குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் டர்போ இன்ஜினோடுதான் மாஸ்டா 323 நான்கு சக்கர இயக்கக் கார் உலக ராலிப் போட்டிகளில் ஓடியது. 1987-இல் டிமோ சலோனன் அதில் ஸ்வீடன் ராலியை வென்றார். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், பதினாறு வால்வு. அடித்தளம் கெட்டியானது என்பதால்தான் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் இதற்கு டர்போ மாட்டியிருக்கிறார்கள். நன்றாக ஓடுபவையும் உண்டு, ஒரே கோடையில் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் காஸ்கெட் போய் ஷெட்டில் முடங்கியவையும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் எந்த டர்போ வாங்கினார்கள் என்பதில் இல்லை. டர்போவுக்கு முன்னால் என்னென்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது.

டர்போவைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை அதற்கேற்ப அமைப்பதுதான் பலரும் போகும் வழி. அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல வருவது. எவ்வளவு குதிரைத்திறன் வேண்டும் என்று முதலில் ஓர் எண்ணை முடிவு செய்யுங்கள். அந்த எண்ணுக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு வெப்பம், எவ்வளவு முறுக்கு என்று பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். டர்போவின் பெயர் அந்தக் காகிதத்தில் கடைசி வரியாகத்தான் வர வேண்டும்.

எந்த எண்?

என் எண் 180. இன்ஜின் முனையில் 180 குதிரைத்திறன். மாஸ்டாவே 2004-இல் இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 காருக்குத் தொழிற்சாலையிலேயே டர்போ மாட்டி, மாஸ்டாஸ்பீட் என்ற பெயரில் இரண்டு வருஷம் விற்றது. 1.8 லிட்டர் இன்ஜின், 178 குதிரைத்திறன். சோதனைக்கூடமும் ஆட்களும் நிறைய வைத்திருந்த நிறுவனம், வாரண்டி கொடுத்து விற்கத் துணிந்த இடம் அது. அதற்கே கிளட்ச், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல், பின் அச்சுத் தண்டுகள், சஸ்பென்ஷன் வரை மாற்றினார்கள். பிரிட்டனில் பிபிஆர் நிறுவனம் 1990 வாக்கில் முதல் தலைமுறை 1.6 காருக்குச் செய்த டர்போ மாற்றம் இன்னும் அடக்கமானது: 150 குதிரைத்திறன். மாஸ்டா டீலர்கள் வழியாகவே அது விற்பனையானது.

250, 300 என்று ஆசைப்படுகிறவர்கள் வேறொரு திட்டம் போட வேண்டும். இந்த இன்ஜினில் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள் மெலிந்தவை. சக்கரத்தில் அளந்து 220, 230 குதிரைத்திறனைத் தாண்டும்போது அனுபவஸ்தர்கள் அவற்றை நம்புவதில்லை. இன்ஜினைப் பிரித்து ஃபோர்ஜ் செய்த ராடும் பிஸ்டனும் போடுகிறார்கள். அதிலும் ராடை வளைப்பது குதிரைத்திறனைவிட முறுக்குவிசை. 3,000 சுழற்சியிலேயே முழு அழுத்தத்தையும் அள்ளிக் கொட்டுகிற அமைப்பு, 6,000-இல் அதே அழுத்தத்தைத் தருவதைவிட ராடுக்கு ஆபத்தானது. 180 என்ற எண் இந்தக் கவலைகள் எல்லாவற்றுக்கும் கீழே பாதுகாப்பாக நிற்கிறது. ஒரு டன் கூட இல்லாத காரில் 180 என்பது பெரிய எண் என்பதையும் மறக்க வேண்டாம்.

காற்றுக் கணக்கு

இன்ஜின் ஒரு காற்றுப் பம்பு. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை தன் கொள்ளளவு முழுவதையும் உறிஞ்சும். 1,597 சிசி, 6,500 சுழற்சி, சிலிண்டர் 90 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டால் நிமிஷத்துக்குச் சுமார் 4,670 லிட்டர் காற்று. எடையில் 5.6 கிலோ. பெட்ரோல் இன்ஜினில் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 45 கிராம் காற்று தேவை என்பது பட்டறைக் கணக்கு. வகுத்துப் பாருங்கள்: 120-ஐ ஒட்டி வருகிறது. மாஸ்டா சொன்ன 116-க்கு இவ்வளவு பக்கத்தில் வருவதால் இந்தக் கணக்கை நம்பி மேலே போகலாம்.

180-க்கு நிமிஷம் ஒன்றுக்கு 8.2 கிலோ காற்று வேண்டும். வெளிக் காற்றழுத்தத்துக்கு மேல் 0.55 பார் பூஸ்ட் கொடுத்து, அந்தக் காற்றைக் குளிரவைத்து 45 டிகிரி செல்சியஸில் இன்ஜினுக்குள் அனுப்பினால் கிட்டத்தட்ட 8 கிலோ கிடைத்துவிடும். ஆக, தேவைப்படுவது அரை பாருக்குச் சற்று மேல். அவ்வளவுதான்.

'குளிரவைத்து' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்போம். காற்றை அழுத்தினால் அது சூடாகும். 35 டிகிரி வெயிலில் டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸர், 70 சதவீதத் திறனோடு, காற்றை 0.55 பாருக்கு அழுத்தினால், வெளியே வரும் காற்று 94 டிகிரியில் இருக்கும். ஒரு பாருக்கு அழுத்தினால் 130-ஐத் தாண்டும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. ஆகவே சக்தியும் குறைவு. அது கூடப் பரவாயில்லை. இன்ஜினை உடைப்பது அந்தச் சூட்டின் இன்னொரு விளைவு.

நாக்கிங் என்ற எதிரி

சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவை வெடிப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் அது எரிகிறது. ஸ்பார்க் பிளக்கில் தொடங்கிய தீ ஓரங்களை நோக்கி ஒழுங்காகப் பரவுகிறது. தீ வந்து சேருமுன் ஓரத்தில் காத்திருக்கும் கலவை, அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே ஒரே நொடியில் பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். பிஸ்டனின் தலையில் சுத்தியலால் அடித்தது போன்ற அதிர்ச்சி. சில முறை அடித்தால் பிஸ்டன் வளையங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பகுதி உடைந்துவிடும்.

ராலி 323-இன் சாலைப் பதிப்பான டர்போ இன்ஜினில் மாஸ்டா வைத்த அழுத்த விகிதம் (பிஸ்டன் மேலே வரும்போது கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற கணக்கு) 7.9. எம்எக்ஸ்-5-இன் 1.6-இல் அது 9.4. டர்போ இல்லாமல் ஓட்டுவதற்காக அமைத்த விகிதம் அது. அதன்மேல் டர்போவையும் ஏற்றும்போது நாக்கிங்குக்கும் நமக்கும் இடையே இருந்த இடைவெளி சுருங்குகிறது.

உயர்ந்த அழுத்த விகிதத்தின் மேல் டர்போ மாட்டுவதன் சிக்கலை அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் 1962-லேயே பட்டறிந்தது. ஜெட்ஃபயர் என்ற அந்தக் காரின் 3.5 லிட்டர் வி8 இன்ஜினுக்கு 10.25 அழுத்த விகிதம், அதற்கும் மேல் டர்போ. நாக்கிங்கைத் தடுக்க வடிநீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித் தொட்டியிலிருந்து பீய்ச்சினார்கள். பூஸ்டில் ஓட்ட ஓட்ட அந்தத் தொட்டி காலியாகும். உரிமையாளர் நினைவாக நிரப்ப வேண்டும். பலர் நிரப்பவில்லை. இரண்டே வருஷத்தில் கார் நிறுத்தப்பட்டது; பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்ப்பரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள். பொறியியல் அருமையாக இருந்தும், ஓட்டுபவரின் நினைவாற்றலை நம்பியதால் தோற்ற அமைப்பு அது. டர்போ மாற்றம் திட்டமிடுகிறவர்கள் ஒவ்வொருவரும் இந்தக் காரை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் படும். பாதுகாப்பு தானாக நடக்க வேண்டும்.

நம்மிடம் இருக்கும் தானியங்கிப் பாதுகாப்புகள் நான்கு: டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர், பூஸ்டில் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல், தாமதித்த ஸ்பார்க், நல்ல ஆக்டேன் எரிபொருள். சாதாரண ஓட்டத்தில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்றால், முழு பூஸ்டில் 11.5 முதல் 12 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு. கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. ஸ்பார்க் நேரத்தை, பூஸ்ட் ஏற ஏறப் பின்னுக்கு இழுக்க வேண்டும், ஒவ்வொரு 0.07 பாருக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி என்று தொடங்கிப் பிறகு காரில் பார்த்துத் திருத்துவது வழக்கம். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியையும் 0.7 மில்லிமீட்டருக்குக் குறைக்க வேண்டும். அடர்ந்த காற்றில் பொறி தாண்ட அதிக மின்னழுத்தம் தேவைப்படும்.

பெட்ரோலும் கம்ப்யூட்டரும்

180 குதிரைத்திறனில் டர்போ இன்ஜின் மணிக்கு 66 லிட்டர் வேகத்தில் பெட்ரோல் குடிக்கும். பெட்ரோலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்து, எதுவும் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்தால், ஒவ்வொன்றும் நிமிஷத்துக்குச் சுமார் 345 சிசி தரக்கூடியதாக இருக்க வேண்டும். காரோடு வந்தவை 200 சிசிக்குச் சற்று மேல்தான்.

1990-களில் விற்ற டர்போ கிட்டுகள் இந்தப் பள்ளத்தைத் தாண்ட ஒரு குறுக்குவழி வைத்திருந்தன. பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றிவிடும் ஒரு ரெகுலேட்டர். இன்ஜெக்டர் அதேதான், அழுத்தம் மட்டும் கூடும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். 210 சிசியை 345 ஆக்க அழுத்தத்தை 2.7 மடங்கு ஏற்ற வேண்டும்; அதாவது கிட்டத்தட்ட 8 பார். பழைய பெட்ரோல் பம்பு அந்த அழுத்தத்தில் திணறும், இன்ஜெக்டரின் ஊசி திறக்கவே கஷ்டப்படும். 0.3, 0.4 பார் பூஸ்டுக்கு அந்த வழி ஓடியது. அதற்கு மேல் போனவர்கள்தான் உடைந்த பிஸ்டன் படங்களை எடுத்துக் காட்டினார்கள்.

இன்றைக்கு அந்த வழிக்கு எந்தக் காரணமும் இல்லை. இன்ஜினின் கம்ப்யூட்டரையே மாற்றிவிடுங்கள். புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் உருவாக்கிய மெகாஸ்க்வர்ட் என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் இந்தத் துறையின் கதவைச் சாமானியருக்குத் திறந்துவிட்டது. வீட்டில் சால்டரிங் செய்தே ஒரு இன்ஜின் கம்ப்யூட்டரைக் கட்டலாம் என்ற நிலை வந்தது. இப்போது எம்எக்ஸ்-5-இன் கனெக்டரில் நேரடியாகச் செருகும்படி ஆயத்தமாகவே கிடைக்கிறது. காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து தேவையான பெட்ரோலைத் தானே கணக்கிடும் என்பதால், 1.6-இல் காற்றோட்டத்தை மறித்துக்கொண்டிருக்கும் பழைய மடல் வகை அளவியைக் கழற்றி எறியலாம்.

இங்கே இரண்டு சின்ன விஷயங்களில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 1990 முதல் 1993 வரையிலான 1.6 கார்களில் பெட்ரோல் பம்பை ஓடவிடும் சுவிட்ச் அந்த மடல் அளவிக்குள்ளேயே இருக்கிறது. அளவியைக் கழற்றினால் பம்பு ஓடாது. அந்த இணைப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கையால் கியர் மாற்றும் 1.6-இல் த்ராட்டில் சென்ஸார் என்ற பெயரில் இருப்பது ஒரு சுவிட்ச்தான். முழுக்க மூடியிருக்கிறது, முழுக்கத் திறந்திருக்கிறது என்ற இரண்டை மட்டுமே அது சொல்லும். நடுவில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சென்ஸாராக மாற்றினால் ட்யூனிங் வெகு சுலபம்.

தண்ணீர் போகும் பாதை

இந்தக் காரின் உண்மையான பலவீனம் இங்கே இருக்கிறது. ஒரே ஒரு பகுதியை ஊன்றிப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பி குடும்ப இன்ஜின்கள் முதலில் முன்சக்கர இயக்கக் காருக்காக வடிவமைக்கப்பட்டவை. 323-இல் இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும். ஒரு முனையில் தண்ணீர்ப் பம்பு, எதிர்முனையில், அதாவது கியர்பாக்ஸ் பக்கம், சூட்டுக்கேற்பத் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டும் வெளியேறும் வாயும். பம்பு தள்ளும் தண்ணீர் முதல் சிலிண்டரிலிருந்து நான்காவது வரை முழு நீளமும் கடந்துதான் வெளியே போக முடியும். நல்ல ஏற்பாடு.

எம்எக்ஸ்-5-இல் அதே இன்ஜினை நீளவாக்கில் திருப்பி வைத்தார்கள். அப்போது கியர்பாக்ஸ் முனை, இன்ஜினுக்கும் பயணிகளுக்கும் நடுவே இருக்கும் தகரச் சுவரை ஒட்டி வந்துவிட்டது. ரேடியேட்டரோ முன்னால் இருக்கிறது. குழாய் போட வசதியாகத் தெர்மோஸ்டாட்டையும் வெளியேறும் வாயையும் ஹெட்டின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது தண்ணீர் முன்னாலேயே நுழைந்து முன்னாலேயே வெளியேறுகிறது. பின்பக்கம் இருக்கும் ஒரே கணிசமான ஓட்டம் ஹீட்டருக்குப் போகும் சின்னக் குழாய். வாய்க்காலின் தலைமடையிலேயே மடையைத் திறந்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. இந்த இன்ஜினில் கடைமடை நான்காவது சிலிண்டர்.

116 குதிரைத்திறனில் இது யாருக்கும் தெரியாமலே ஓடிவிடும். 180-இல், அதுவும் கோடையில் மலையேறும்போதோ ரேஸ் டிராக்கில் சுற்றும்போதோ, நான்காவது சிலிண்டர் மற்ற மூன்றைவிடச் சூடாக ஓடும். நாக்கிங் அங்கேதான் முதலில் தொடங்கும். டாஷ்போர்டில் வெப்பநிலை முள் நடுவிலேயே அமைதியாக நிற்கும்; அது நான்காவது சிலிண்டரைப் பற்றி நமக்கு எதுவும் சொல்வதில்லை.

தீர்வு, மாஸ்டாவின் முதல் யோசனைக்கே திரும்புவது. தெர்மோஸ்டாட்டை ஹெட்டின் பின்முனைக்கு மாற்றி, அங்கிருந்து நீண்ட குழாய் ஒன்றை ரேடியேட்டர் வரை இழுத்து, முன்வாயை அடைத்துவிட வேண்டும். இதற்கென்றே பாகங்கள் கிடைக்கின்றன. தகரச் சுவருக்கும் ஹெட்டுக்கும் நடுவே கை நுழைவதே சிரமம் என்பதால் வேலை பொறுமையைச் சோதிக்கும். இன்ஜினை வேறு காரணத்துக்காக வெளியே எடுத்திருந்தால் அப்போதே செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

ரேடியேட்டரையும் பாருங்கள். முப்பது வருஷத்துக்கு மேலான காரில் முதல் ரேடியேட்டரே இன்னும் இருந்தால், அதன் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பு நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் அது வெடிக்கும் நாள் தூரத்தில் இல்லை. முழு அலுமினியத்தில் தடித்த ரேடியேட்டர் ஒன்று போட்டுவிடுங்கள். அதன் முன்னால் இன்டர்கூலர் வந்து உட்காரும்போது ரேடியேட்டருக்குக் கிடைக்கும் காற்று குறையும். முன்வாயிலிருந்து நுழையும் காற்று பக்கவாட்டு இடுக்குகளில் தப்பிவிடாமல் தகடு வைத்து அடைக்க வேண்டும். காருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் அடித்தட்டு தொலைந்துபோன கார்கள் நிறைய. அதை வெறும் மண்தடுப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும் அழுத்த வித்தியாசத்தை உண்டாக்குவதே அதுதான். அது இல்லாமல் ஹைவேயில் இந்தக் கார் சூடேறும்.

இன்ஜினுக்குப் பின்னால்

1.6-இன் கிளட்ச் 200 மில்லிமீட்டர் விட்டம். 180 குதிரைத்திறனுக்கு அது வழுக்கும். பின்னால் வந்த 1.8 லிட்டர் எம்எக்ஸ்-5-இன் 215 மில்லிமீட்டர் கிளட்ச், அதன் ஃப்ளைவீலோடு சேர்ந்து அப்படியே பொருந்தும் என்பது இந்தக் காரின் பெரிய அனுகூலம்.

டிஃபரென்ஷியல்தான் அடுத்த கவலை. 1993 வரையிலான கார்களில் இருப்பது 6 அங்குல ரிங் கியர் கொண்ட சிறியது. டர்போவின் முறுக்கை அது நெடுநாள் தாங்காது. 1994-இல் 1.8 வந்தபோது மாஸ்டா 7 அங்குலத்துக்கு மாறியது, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் டார்சன் வகை லிமிடெட் ஸ்லிப்பும் விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. இதை மாற்றும்போது டிஃபரென்ஷியலை மட்டும் வாங்கிவந்தால் போதாது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் இரண்டு பக்க அச்சுத் தண்டுகளும் சேர்த்து ஒரே காரிலிருந்து எடுக்க வேண்டும். கியர் விகிதமும் 4.3-இலிருந்து 4.1-க்கு மாறும். டர்போ காருக்கு அதுவே நல்லது. ஒவ்வொரு கியரும் சற்று நீளும்.

இந்த டிஃபரென்ஷியலைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் திட்டத்திலேயே அதிக நாள் எடுக்கும் வேலையாக இருக்கலாம். முதலிலேயே தேடத் தொடங்குங்கள். ஐந்து கியர் பெட்டி 180-க்குத் தாங்கும், கியரைக் குத்தி மாற்றாமல் ஓட்டினால்.

பிரேக் பற்றிச் சுருக்கமாக: 1.6-இல் முன் டிஸ்க் 235 மில்லிமீட்டர், 1.8-இல் 255. அதையும் மாற்றுங்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டிய ஒன்று

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், காரின் கிராங்க் ஷாஃப்டைப் பாருங்கள். 1991-இன் முற்பகுதி வரை செய்த இன்ஜின்களில் கிராங்கின் முன் மூக்கு குட்டை. அதில் புல்லியைப் பிடித்திருக்கும் 'கீ' என்ற சின்ன இரும்புத் துண்டும் அதன் பள்ளமும் தேய்ந்து, டைமிங் கியர் ஆட ஆரம்பிக்கும். முன்னால் இருக்கும் புல்லியில் நான்கு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீள மூக்கு. நான்கு வெட்டு இன்ஜினில் டர்போவுக்குப் பணம் போட நான் சம்மதிக்க மாட்டேன். அப்படி ஒரு கார் கையில் இருந்தால், வேறு இன்ஜின் தேடுங்கள். தேடுகிற தேடலில் 1.8-ஆகவே தேடுங்கள். அதே இடத்தில் அது உட்காரும்.

எட்டு வெட்டு இருந்தால் கம்ப்ரஷன் சோதனை, பிறகு கசிவுச் சோதனை. நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பழைய கார்களில் ஆயில் பிரஷர் முள் உண்மையான அழுத்தத்தைக் காட்டும். 1995 முதல் வந்தவற்றில் அது ஒரு சுவிட்சுக்குக் கட்டிய முள், ஆகவே தனி மீட்டர் போடுங்கள். டர்போவின் உயிர் அந்த ஆயிலில் இருக்கிறது.

நீங்கள் இருக்கும் ஊரின் சட்டத்தையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். கலிஃபோர்னியாவில் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் இல்லாத டர்போ கிட்டோடு புகைச் சோதனையில் தேற முடியாது. ஜெர்மனியில் இப்படிப்பட்ட மாற்றத்தைப் பரிசோதகர் பார்த்து ஏற்றுக் காரின் ஆவணத்தில் பதிய வேண்டும்.

இப்போது டர்போ

காகிதத்தில் கடைசி வரிக்கு வந்துவிட்டோம். நமக்கு வேண்டியது நிமிஷத்துக்கு 8.2 கிலோ காற்று, 1.55 அழுத்த விகிதம் (இங்கே இது கம்ப்ரஸருக்குள் போகும் காற்றைவிட வெளியே வரும் காற்றின் அழுத்தம் எத்தனை மடங்கு என்பது). ஒவ்வொரு கம்ப்ரஸருக்கும் அதன் உற்பத்தியாளர் ஒரு வரைபடம் தருகிறார். கிடைமட்டத்தில் காற்றின் அளவு, செங்குத்தில் அழுத்த விகிதம், நடுவில் வெங்காயத்தின் அடுக்குகள் போலத் திறன் வளையங்கள். இடது விளிம்பைத் தாண்டினால் காற்று பின்னோக்கி அலையடிக்கும். வலது விளிம்பைத் தாண்டினால் சக்கரம் வீணாகச் சுற்றிச் சூட்டை மட்டுமே தரும். நம் புள்ளி நடு வளையத்துக்குள் விழும் டர்போ எதுவோ அதுதான் நமக்கு உரியது. காரட் நிறுவனத்தின் ஜிடி2554ஆர், ஜிடி2560ஆர் இரண்டும் இந்த அளவு இன்ஜினுக்குப் பழகிய தேர்வுகள். முதலாவது சீக்கிரம் எழும், 180-க்கு அது போதும். இரண்டாவது கொஞ்சம் தாமதமாக எழுந்து, 250 வரை இடம் வைத்திருக்கும். 180-இல் நிறுத்தப்போகிறோம் என்று உறுதியாக இருந்தால் சிறியதை எடுங்கள். மனம் மாறும் என்று தெரிந்தவர்கள் பெரியதை எடுத்து, பூஸ்டைக் குறைத்து ஓட்டலாம். தாமதமாக எழுவதால் ராடுக்கும் அது கருணை காட்டும்.

பொருத்துவதில் மூன்று இடங்கள் தவறுக்கு இடம் தருபவை. டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் முழுக்கப் புவியீர்ப்பை நம்பியிருக்கிறது. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பில் துளையிட்டு, வழியில் எங்கும் மேடேறாமல், சரிவாக இறங்க வேண்டும். சம்பைக் கழற்றித் துளையிடுங்கள், காரில் இருக்கும்போதே துளைத்தால் உலோகத் துருவல் உள்ளே போகும். இரண்டாவது, வேஸ்ட்கேட். அது பூஸ்ட் எல்லை வந்ததும் வெளியேறும் வாயுவை டர்போவைச் சுற்றித் திருப்பிவிடும் கதவு. கதவு சிறிதாகவும் பின்னால் 3 அங்குல சைலன்சர் குழாய் தாராளமாகவும் இருந்தால், கதவு முழுக்கத் திறந்த பிறகும் பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். ஆகவே கம்ப்யூட்டரில் 0.7 பாரில் பெட்ரோலைத் துண்டிக்கும் எல்லை ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். மூன்றாவது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள். டர்போவின் எடையும், செந்தணலாகிக் குளிரும் சுழற்சியும் அவற்றைத் தளர்த்திக்கொண்டே இருக்கும். பூட்டு நட்டும், டர்போவைத் தாங்கும் ஒரு முட்டுக்கால் தகடும் அவசியம்.

வேலை வரிசை

எல்லாப் பாகமும் வந்து சேர்ந்ததும் ஒரே வார இறுதியில் மாட்டிவிட ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீர்ப் பாதையும் ரேடியேட்டரும். பிறகு டிஃபரென்ஷியல், கிளட்ச், பிரேக். பிறகு, டர்போ இல்லாமலே, புதிய கம்ப்யூட்டரையும் பெரிய இன்ஜெக்டரையும் எக்ஸாஸ்டில் துல்லியமான ஆக்ஸிஜன் சென்ஸாரையும் பொருத்தி, ஒரு மாதம் தினசரி ஓட்டுங்கள். குளிரில் ஸ்டார்ட் ஆகிறதா, ஏசி போட்டால் ஐடிலில் நிற்கிறதா, சிக்னலில் அணையாமல் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதே தீர்ந்துவிடும். இதை முடித்த பிறகு டர்போ மாட்டினால், ஏதாவது கோளாறு வரும்போது எங்கே தேடுவது என்று தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டியவர், கார் திணறும்போது பெட்ரோலா, ஸ்பார்க்கா, காற்றுக் கசிவா, ஒயரிங்கா என்று பத்து இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

டர்போ மாட்டிய அன்று ஸ்டார்ட் செய்யுமுன், இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் ஓட்டுங்கள். ஆயில் பிரஷர் முள் எழும்வரை, ஓரிரு தடவை. டர்போவின் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர்ந்த பிறகுதான் முதல் தீ. முதல் நாட்கள் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் குறைந்தபட்ச பூஸ்டில் மட்டும், பக்கத்தில் ஒருவர் மடிக்கணினியோடு உட்கார்ந்து காற்று-பெட்ரோல் விகிதத்தைப் பார்த்தபடி. பூஸ்டில் அது 12-க்கு மேல் போனால் உடனே காலை எடுங்கள். சக்தியை அளக்கும் கருவியான டைனோவில் முழுச் சக்திக்கு ட்யூன் செய்வது இந்தச் சாலை ஓட்டம் எல்லாம் ஒழுங்கான பிறகு.

500 கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜின் ஆறிய பிறகு மேனிஃபோல்டு நட்டுகளை மீண்டும் முறுக்குங்கள், ஆயிலை மாற்றுங்கள், நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். நான்காவதின் நிறம் மற்ற மூன்றோடு ஒத்துப்போனால் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்கிறது.